நரம்பின் குற்றமும் செவியின் குற்றமும்

சென்ற ஆண்டு மார்கழியில், கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர் சிலர் கூடியிருந்த இலக்கிய அமர்வொன்றில் பேச்சு இசையின் பக்கம் திரும்பியது. நாம் நெடுநாளாக விரும்பிக் கேட்டுவரும் இசைத்தட்டொன்றை அன்று உடன் கொண்டு சென்றிருந்தோம். எல்மோர் ஜேம்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மின்சாரக் கிட்டாரின் நரம்புகள்மீது குழலை வழுக்கி வாசித்துப் பாடிய புளூஸ் இசைத்தட்டு அது. முதற் பாட்டு முடியுமுன்பே, தமிழும் இசையும் துறைபோகக் கற்ற பெரியார் ஒருவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பின்னர் அவர் ஆற்றிய சிற்றுரை அவையை மிகவும் கவர்ந்தது. யாழ் நரம்புக்குக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நால்வகைக் குற்றம் கூறினர் நம் முன்னோர். இந்தக் கிட்டாரில் அந்நான்கும் உள, ஐந்தாவதாக மின்சாரம் என்னும் குற்றமும் உளது என்றார். அவை கைதட்டியது. நாமும் சிரித்தோம். நல்ல நகைச்சுவையை நுகராதிருப்பது பண்பன்று.

நமக்குத் துணையாக எழுந்த இளைஞர் ஒருவர் செய்த வாதந்தான் உண்மையில் நம்மை வருத்தியது. இவ்விசையில் கல்வியில்லை, பயிற்சியில்லை, இலக்கணமில்லை. துன்புற்ற மக்களின் பச்சைக் கதறல் இது. கதறலுக்கு இலக்கணம் பார்க்கலாமா என்று அவர் உருக்கமாகக் கேட்டார். அதற்கும் அவை கைதட்டியது. ஒருவர் இகழ்ந்தார், ஒருவர் இரங்கினார். இருவரும் ஒரு செய்தியில் உடன்பட்டிருந்தனர்: இக்கலைஞர்க்கு எதுவும் தெரியாது என்பதே அது. அன்று நேரமின்மையால் சொல்லாது வந்த மறுமொழியை இம்மலரின் பக்கங்களில் எழுத முற்படுகின்றோம்.

முதலில் பொருள் இன்னதெனத் தெளிவோம். கிட்டாரின் கழுத்தில் வீணைக்கு உள்ளவாறே மெட்டுகள் உண்டு. விரலால் நரம்பை மெட்டின்மேல் அழுத்தினால் அச்சுரம் பிறக்கும். ஸ்லைடு வாசிப்பவர் நரம்பை அழுத்துவதில்லை. கண்ணாடிக் குப்பியின் அறுத்த கழுத்தையோ உலோகக் குழலையோ ஒரு விரலில், பெரும்பாலும் சுண்டுவிரலிலோ மோதிர விரலிலோ, மாட்டிக்கொண்டு நரம்பின்மேல் மெல்லத் தொட்டபடி நகர்த்துகின்றார். நரம்பு கட்டையில் படாது. மெட்டுகள் அங்கே கண்ணுக்கு அடையாளமாக நிற்பனவே அன்றிக் கைக்கு உதவுவன அல்ல. குழல் மெட்டிற்கு நேர் மேலே நின்றால் சுரம் சரி. நெல்லளவு முன்னோ பின்னோ சென்றால் அபசுரம். போதாக்குறைக்கு, குழலுக்குப் பின்புறமுள்ள நரம்புப் பகுதியும் தன் போக்கில் முனகும். அதை மற்றொரு விரலால் தடவி அடக்க வேண்டும். குழலை மிக அழுத்தினால் நரம்பு மெட்டில் இடித்துச் சலசலக்கும். அழுத்தாவிட்டால் ஒலி எழாது. பயிற்சியில்லை என்று சொன்ன இளைஞர் ஒரு கிழமையாவது இதை முயன்று பார்த்து நமக்கு எழுதுவாராக.

தமிழர்க்கு இது புரியாத கலையும் அன்று. மெட்டில்லாத தண்டியின்மேல் கருங்காலிக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தைத் திருவிடைமருதூர் சகாராமராவ் வளர்த்தார். நாராயண ஐயங்காரும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் அதனை மேடையேற்றி நிலைநிறுத்தினர். ஒரு சுரத்தைவிட்டு மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை ஜாரு என்கின்றோம். அந்த வழுக்கலில் மனிதக் குரல் இருக்கின்றது என்றுதான் நம் ரசிகர் கோட்டுவாத்தியத்தைப் போற்றினர். நாம் குடியிருக்கும் இந்நகரத்திலோ இச்செய்தி இன்னும் எளிது. ஹவாய்த் தீவினராகிய டாவ் மோ 1940-களில் இங்கே தங்கி வாசித்தவர். அதன்பின் ஹவாயன் கிட்டார் வங்காளி இல்லங்களில் ஆர்மோனியத்திற்கு அடுத்த இடத்தைப் பெற்று, இரவீந்திரரின் பாடல்களையே பாடத் தொடங்கிற்று. மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வழுக்கும் அக்கருவியின் இனிமையை நம் பெரியாரும் பாராட்டக் கேட்டிருக்கின்றோம். எனவே வழுக்கல் அவருக்குப் பகையன்று. கரகரப்பே பகை. அதையே இனிப் பார்ப்போம்.

1903-ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் என்னும் சிற்றூர் இரயில் நிலையத்தில் இரவில் வண்டிக்குக் காத்திருந்த ஹாண்டி என்னும் இசைவாணர், கந்தலுடுத்த ஒருவர் கிட்டார் நரம்பில் கத்தியை அழுத்தி வாசிப்பதைக் கேட்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். இசை எழுதவும் படிக்கவும் கற்ற ஹாண்டிக்கு அது விந்தையாகப்பட்டது. எனினும் மறக்க முடியாததாக இருந்தது. அந்நாட்டுக் கறுப்பினச் சிறுவர் வீட்டுச் சுவரில் ஆணியடித்து, ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, குப்பியால் வழுக்கி வாசித்துப் பழகினர். கிட்டார் வாங்கக் காசில்லாதவர்க்கு வீட்டுச் சுவரே கிட்டார். பெட்டியில் அடைத்து விற்கப்பட்ட எந்த வாத்தியத்தின் சுருதிக்கும் கட்டுப்படாத காந்தாரம் ஒன்றை அவர்கள் பாட்டில் வைத்திருந்தனர். நம் கணக்கில் சொன்னால் சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடைப்பட்டது. ஓரிடத்தில் நில்லாது அசைவது. பியானோவின் கட்டைகளில் அதற்கு இடமில்லை. குழல்தான் அதற்கு வழிவிட்டது. இதனை இலக்கணம் அறியாமை என்பார்க்கு நாம் கூறுவது இவ்வளவே: வேறோர் இலக்கணம் உண்டென்று ஒப்புக்கொள்வதில் நம் சங்கீதம் குறைந்துபோய்விடாது.

இனி மின்சாரம் என்னும் ஐந்தாம் குற்றம். இதற்கு ஒரு தெளிவான சான்று கிடைத்திருக்கின்றது. மெக்கின்லி மார்கன்ஃபீல்டு என்ற இயற்பெயர் கொண்ட மடி வாட்டர்ஸ், மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணையில் பருத்தி வயலில் உழைத்த வாரக்குடி. 1941-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் சார்பில் வந்த ஆலன் லோமாக்ஸ் அவருடைய பாட்டை அவர் குடியிருந்த இடத்திலேயே பதிவு செய்தார். மரக் கிட்டாரில் குழலை வழுக்கி அவர் பாடிய அப்பாட்டையே, சொற்களைச் சிறிது மாற்றி, 1948-இல் சிகாகோவில் மின்சாரக் கிட்டாரில் மறுபடியும் பாடிப் பதிந்தார். ஒரே மனிதர், ஒரே மெட்டு. இடையில் ஏழாண்டு, ஒரு நகரம், ஒரு மின்கம்பி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு இன்று எவர்க்கும் உண்டு.

1941-ஆம் ஆண்டுப் பதிவு அழகானது. மறுக்கவில்லை. ஆயினும் அதில் கிட்டார் பாட்டுக்குத் துணை நிற்கின்றது; குரல் நிற்குமிடங்களை நிரப்புகின்றது. 1948-இல் நிகழ்வது வேறு. அடிநாதம் ஒலிக்கும் பாஸ் ஒன்றைத் தவிர உடன் வாசிப்பார் எவருமில்லை. குரல் ஓரடி சொன்னதும் கிட்டார் அடுத்த அடியைத் தானே சொல்கின்றது. சிலவிடத்துப் பாடகர் சொல்லத் தயங்கியதையும் சேர்த்துச் சொல்கின்றது. இது எவ்வாறு இயன்றது? மரக் கிட்டாரில் நரம்பைச் சுண்டிய நொடியிலேயே ஒலி தேயத் தொடங்கும். குழல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்குச் சென்று சேருமுன் அது பாதியாகிவிடும். ஆகவே மரக் கிட்டார்க்காரர் விரைந்து விரைந்து சுண்ட வேண்டியவராகின்றார். மின்சாரக் கிட்டாரில் இரும்பு நரம்பின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகின்றன. ஒருமுறை சுண்டிவிட்டு நெடுநேரம் வழுக்கலாம். வழுக்கிய இடத்தில் நின்று நடுங்கலாம். நிறுத்த வேண்டிய இடத்தில் வெட்டி நிறுத்தலாம். நாதசுரக்காரர்க்கு மூச்சு தருகின்ற உரிமையை இக்கலைஞர்க்கு மின்சாரம் தந்தது. பெரியார் குற்றமென்றது, நரம்புக் கருவிக்கு வாய்த்த மூச்சு.

சிகாகோவின் மதுக்கூடங்களில் இரைச்சல் மிகுதி, ஆகவே ஒலியைப் பெருக்கினார்கள் என்று நூல்கள் காரணம் கூறும். அதுவும் உண்மைதான். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் பெயர்ந்தனர் என்பர். அவர்களுள் பலர் இறங்கிய நகரம் சிகாகோ. பகலில் ஆலையில் உழைத்துவிட்டு இரவில் கூடிய மக்களிடையே மரக் கிட்டார் எடுபடாது. ஆனால் உரக்க ஒலிக்க வேண்டுமென்பது மட்டுமே காரணமாயின் வெறும் உரத்த ஒலியே கிடைத்திருக்கும். கிடைத்ததோ புதிய குரல்.

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1958-இல் மடி வாட்டர்ஸ் அங்கே சென்று தம் மின்சாரக் கிட்டாரை வாசித்தபோது, நாட்டுப்புற இசையின் தூய்மையைக் காப்பதாக எண்ணிய அன்பர் பலர் முகஞ்சுளித்தனர். பண்ணைக் கூலியாள் மரக் கிட்டாரோடு வருவாரென்று அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். நல்ல கோட்டு அணிந்த நகரவாசி ஒலிபெருக்கியோடு வந்து நின்றார். சில ஆண்டு கழித்து மறுபடியும் செல்கையில், அவர்கள் மனம் கோணாதிருக்க மரக் கிட்டாரை எடுத்துச் சென்றார். அதற்குள் அங்குள்ள இளைஞர் மின்சாரத்திற்கு மாறிவிட்டிருந்தனர். ஏன் அதைக் கொண்டுவரவில்லை என்று குறைப்பட்டனர். பிறர் துன்பத்தில் தூய்மை தேடுவோர்க்குத் தொண்டு செய்வது எளிதன்று. நம் இளைஞரின் இரக்கமும் இவ்வினத்ததே. ஏழையின் பாட்டு ஏழ்மையாகவே இருக்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் வாதம் அங்கேதான் சென்று முடிகின்றது.

நிறுத்தப்பட்ட அந்த இசைத்தட்டிற்கு வருவோம். எல்மோர் ஜேம்ஸ் 1918-இல் மிசிசிப்பியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றித் திரும்பியபின் கேண்டன் என்னும் ஊரில் உறவினர் கடையில் வானொலிப் பெட்டி பழுது பார்த்தார். இச்செய்தியை நம் பெரியாரும் இளைஞரும் கருத வேண்டும். வால்வுகளைக் கழற்றி மாட்டிய கை அது. ஒலிபெருக்கியின் வால்வுக்கு அதன் அளவை மீறிய வேலை கொடுத்தால் ஒலியலையின் முகடு மழுங்கும். மூல ஒலியில் இல்லாத மேற்றொனிகள் பல பிறக்கும். மெலிந்து வரும் ஒலியும் உரத்த ஒலியோடு ஏறத்தாழச் சமமாக நிற்கும். இதன் பயன்தான் நம் அவையோர் கேட்ட கரகரப்பு. சாதாரண மரக் கிட்டாரில் காந்தச் சுருள்களைப் பொருத்தி, அவ்வொலி வரும்வரை ஒலிபெருக்கியைத் திருகிய எல்மோர், கருவி கெட்டுப்போனதை அறியாமல் வாசித்தவரல்லர். பிறருடைய பெட்டியில் கரகரப்பை நீக்கிக் கூலி வாங்கியவர் தம் பெட்டியில் அதை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்.

அவருக்குப் புகழ் தந்த ‘டஸ்ட் மை புரூம்’ என்னும் பாட்டு 1951 ஆகஸ்டில் ஜாக்சன் நகரில் பதிவாயிற்று. அதே பாட்டை 1936-இல் ராபர்ட் ஜான்சன் மரக் கிட்டாரில், குழலின்றி விரலாலேயே வாசித்துப் பாடியிருந்தார். தொடக்கத்தில் மும்மூன்றாகத் துடிக்கும் சுரக்கோவை ஜான்சனிடம் ஒரு நுண்ணிய அணி. எல்மோர் அதைக் குழலுக்கு மாற்றி, நரம்புகளைத் திறந்த சுருதியில் கூட்டி, ஒலிபெருக்கி வழியே வெளிவிட்டபோது அது கதவைத் தட்டும் கையாயிற்று. அத்தட்டு மறு ஆண்டு கறுப்பர் இசை விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடத்தை எட்டியது. அதன்பின் அச்சுரக்கோவையை எல்மோர் விடவே இல்லை. வேறு வேறு பெயரில் வந்த அவர் பாட்டுகள் பலவற்றின் வாயிலிலும் அதுவே நிற்கும். ‘இதைத்தானே சற்றுமுன் கேட்டோம்’ என்று நம் வீட்டார் கேட்கும்போது நம்மிடம் விடையில்லை. அது குறையே, மறைப்பதிற் பயனில்லை. ஆனால் 1959-இல் அவர் சிகாகோவில் பாடிய ‘தி ஸ்கை இஸ் கிரையிங்’ என்னும் மெதுநடைப் பாட்டைக் கேட்டவர் அக்குறையை மன்னிப்பர். அதில் குழல் மேலேறி நின்று நடுங்குமிடத்தில், ஒலி உடைந்து போகாமலும் சீராகாமலும் இரண்டுக்கும் நடுவே பிடித்து வைக்கப்படுகின்றது. தற்செயலாக ஒருமுறை அது நேரலாம். பாட்டு முழுவதும் நேருமா? 1963 மே மாதத்தில் மாரடைப்பால் அவர் இறந்தபோது வயது 45.

நரம்பின் குற்றத்திற்கு வருவோம். ஒலியில் கலக்கும் சலசலப்பு எங்கும் எப்போதும் குற்றமாயின், ஆப்பிரிக்கர் தம் கருவிகளில் அதை வேண்டிச் சேர்ப்பானேன்? மேற்கு ஆப்பிரிக்கப் பாலபோனின் சுரைக்குடுக்கைகளில் துளையிட்டு, சிலந்தி முட்டைக் கூட்டின் மெல்லிய சவ்வை ஒட்டுகின்றனர்; அடிக்குந்தோறும் அது ரீங்கரிக்கும். ஜிம்பாப்வே நாட்டு ம்பிராவில் சிப்பியும் குப்பி மூடியும் பிணைத்திருப்பர். தூய ஒலி அவர்க்கு ஆடையற்ற ஒலி. அம்மரபின் வழித்தோன்றல்கள் கம்பியும் மின்சாரமும் கிடைத்தபோது அந்த ரீங்காரத்தை அவற்றினுள்ளும் தேடியதில் வியப்பென்ன?

ஆப்பிரிக்கா வரை செல்லவும் வேண்டியதில்லை. நம் பெரியார் பாட அமருமுன் தம்புராவைச் சுருதி கூட்டுகின்றார். கூட்டியபின் நரம்புக்கும் குதிரைக்கும் இடையே நூலொன்றைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, நரம்பு குதிரையில் மெல்ல உரசிக் கார்வையோடு ரீங்கரிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கின்றார். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். உரசலுக்கு உயிரென்று பெயரிட்ட மரபில் வந்தவர், எல்மோரின் உரசலைக் கேட்டதும் தும்பு என்றார். சிந்தாமணியில் சீவகனும் தன்முன் வைத்த யாழ்களைக் குற்றங்கூறி விலக்கினான். ஆனால் அவன் ஒவ்வொன்றையும் கையிலெடுத்தான், நரம்பைப் பிரித்து உள்ளிருந்த மயிரை எடுத்துக் காட்டினான், அதன்பின்னரே விலக்கினான். முதற் பாட்டு முடியுமுன் கையுயர்த்தவில்லை.

கரடுமுரடாயிருப்பதெல்லாம் சிறந்ததென்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளற்க. இன்று குப்பிக் கழுத்தை விரலில் மாட்டியவரெல்லாம், ஒலிபெருக்கியைத் திருகிவிட்டுத் தாறுமாறாக வழுக்கி அதற்கு ஆன்மா என்று பெயரிடுகின்றனர். அதுவும் பொய்யே. மறுபுறம், ஒவ்வொரு சுரத்தையும் கழுவித் துடைத்து வைக்கும் வல்லுநரும் உளர். அவர் விரலில் பிழை காண முடிவதில்லை. கேட்டு முடித்ததும் நினைவில் நிற்பதும் ஒன்றுமில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே உண்மையானது எப்படியிருக்கும் என்று கேட்பார்க்கு ஹவுண்ட் டாக் டெய்லரைக் காட்டுவோம். 1915-இல் மிசிசிப்பியின் நாட்செஸில் பிறந்து, 1942-இல் சிகாகோ வந்து, ஏறத்தாழ முப்பதாண்டு அந்நகரின் சிறு மதுக்கூடங்களில் வாசித்தவர். இடக்கையில் ஆறு விரல். கையிலிருந்தது மலிவான ஜப்பானியக் கிட்டார். குழுவில் பாஸ் கிடையாது. இரண்டு கிட்டார், ஒரு முரசுத் தொகுதி, அவ்வளவே. பெரிய பதிவு நிறுவனங்கள் எவையும் அவருக்கு நீண்ட தட்டு வெளியிட முன்வராதபோது, புரூஸ் இக்லோயர் என்னும் இளைஞர் 1971-இல் தம் கைப்பணத்தைப் போட்டு அலிகேட்டர் என்னும் நிறுவனத்தையே தொடங்கி, அவருடைய தட்டை முதல் வெளியீடாகக் கொண்டுவந்தார். டெய்லர் 1975 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். அலிகேட்டர் அதன்பின்னும் பல பத்தாண்டு நின்று வளர்ந்தது.

அத்தட்டில் கிட்டார் அடிக்கடி சுருதியின் ஓரத்திற்குப் போகும். ஒலிபெருக்கி கிழிந்தாற்போல் கத்தும். ஆயினும் தாளத்தைக் கவனியுங்கள். மூவரும் ஓருடல்போல் நடக்கின்றனர். பாஸ் இல்லாத குறையை இரண்டாவது கிட்டார் கீழ்நரம்புகளில் ஓடிச் சரிசெய்கின்றது. குழல் எங்கே ஓய வேண்டுமோ அங்கே ஓய்கின்றது. முப்பதாண்டு இரவுதோறும் ஆடுவோர் கால்களைப் பார்த்துக் கற்ற கணக்கு அது. ஆடுவோர் நின்றுவிட்டால் மறுநாள் அழைப்பு இராது. எந்தச் சபாவின் தேர்வுக் குழுவும் அத்துணைக் கண்டிப்பானதன்று.

பயிற்சியில்லாக் கதறல் என்ற இளைஞருக்கு இன்னுமொருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகின்றது. ஆர்கன்சா மாநிலத்தவரான சீடெல் டேவிஸ் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் கைகள் முடங்கியவர். முன்போல் நரம்பை அழுத்த விரல்கள் இசையவில்லை. கிட்டாரைக் கைமாற்றிப் பிடித்து, தாயின் சமையலறையிலிருந்து எடுத்த உணவு மேசைக் கத்தியின் பிடியை நரம்பில் வழுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றார். கத்தி உரசும் அவருடைய ஒலி உலகில் வேறெவரிடமும் இல்லை. சுருதியும் பிறருடையதுபோல் இராது. பல்லாண்டு அவ்வாறே வாசித்த அவர் 2017-இல் மறைந்தார். வரவில்லை என்று கைவிடுவதற்கு எல்லாக் காரணமும் இருந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து தேடிக் கண்ட ஒலியைக் கதறல் என்று சொல்வது அவருக்குச் செய்யும் இரக்கமாகாது.

இவ்வாண்டு நவராத்திரிக்கு நம் பெரியார் இந்நகரில் பாட இசைந்திருக்கின்றார். நாம் தவறாது செல்வோம். முன்வரிசையில் அமர்ந்து முதற் பாட்டை மட்டுமன்றி மங்களம் வரை கேட்போம். ஒரேயொரு வேண்டுகோள்: அன்று தம்புராவின் நூலை எடுத்துவிட்டுப் பாடட்டும். அவ்வாறு அவர் பாடி முடிப்பாராயின், எல்மோர் ஜேம்ஸின் இசைத்தட்டை அவ்வவையிலேயே அவரிடம் ஒப்படைக்கின்றோம். இல்லையெனில் அதை மறுபடியும் கொண்டு வருவோம். முதற் பாட்டு முடியும்வரை அவர் பொறுத்துக் கேட்க வேண்டும்.